காரின் பிரேக் டிஸ்க் பேட் 6,000 கிலோமீட்டரில் கழன்று வந்துவிட்டது. தப்பு என் மேலா, சரக்கு மேலா?

கோத்தகிரி வர்க்கிக்காரன்:
2009 மாடல் ஆல்ட்டோ. பின் சீட்டை மடக்கி வர்க்கி டின்களை அடுக்கிக்கொண்டு வாரத்துக்கு நாலு நாள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். முன்பெல்லாம் ஒரு செட் பேட் 25,000 கிலோமீட்டர் தாராளமாக வரும். போன முறை மாற்றியது 6,000 கூடத் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே தீய்ந்த வாடை வந்தது. வர்க்கிதான் அடியில் கருகிவிட்டதோ என்று டின்னைத் திரும்பிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். அடுத்த வளைவில் பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி மட்டும் நிற்கவில்லை. அப்புறம் இடது முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு கரகரத்தது. செகண்டுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து ஒரு பலா மரத்தடியில் நிறுத்தினேன். பலா சீசன், யானை வருமோ என்ற பயம் வேறு.

கழற்றிப் பார்த்தால் லைனிங், அதாவது டிஸ்கை உரசிப் பிடிக்கும் பகுதி, இன்னும் பாதிக்கு மேல் தேயாமல் இருக்கிறது. ஆனால் அது ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டை விட்டு பிஸ்கட் மாதிரி தனியே கையில் வந்தது. பழைய பேடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய தகட்டில் துளைகள் உண்டு, லைனிங் அதற்குள் இறங்கிப் பிடித்திருக்கிறது. புதியது வழவழ தகடு, நடுவில் மட்டும் பசை, ஓரமெல்லாம் துரு. நகத்தால் கீறினால் லைனிங் மாவாக உதிர்கிறது. பெட்டியில் ஹாலோகிராம் மட்டும் பளபளக்கிறது. கடைக்காரரிடம் காட்டினேன். “இப்ப வர்றதெல்லாம் அப்படித்தாங்ணா” என்கிறார். நிஜமாகவே அப்படித்தானா?

குன்னூர் பட்டறை:
தம்பி, பெடல் கல் மாதிரி நின்றது என்கிறாய், அதனால் பிரேக் ஆயிலை விட்டுவிடலாம். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். உனக்கு சூட்டில் பேட் பிடி விட்டிருக்கிறது. எந்த கியரில் இறங்குகிறாய்? எந்த கியரில் ஏறுவாயோ அதில்தான் இறங்க வேண்டும். பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிபர் நகர்வதற்கான பின் இறுகியிருக்கிறதா, டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருக்கிறதா என்றும் பார்.

ஆனால் ஒன்று. சூட்டில் நல்ல பேடும் பிடி விடும், தகட்டை விட்டுக் கழன்று வராது. அது சரக்கின் குற்றம்தான். ரப்பர் சாமான்களும் இதே கதை. முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் முன்பு மூன்று வருஷம் உழைக்கும், இப்போது ஒரு மழைக்காலத்தில் வெடித்துவிடுகிறது. அதே வேலையை மறுபடி கூலி வாங்காமல் செய்வது நான்தான். கார் கம்பெனிக்கே பேட் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கு. பழைய பேட் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதே.

கொடை ஜீப்:
கடைக்காரரை மட்டும் திட்டி என்ன செய்ய? “இருக்கறதுல கம்மி விலை எது?” என்று நாம் கேட்கக் கேட்க அவர் அதைத்தான் அடுக்கி வைக்கிறார். நல்லது வேண்டுமென்றால் நான் வத்தலக்குண்டுக்குச் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் வண்டி சும்மா நிற்கும், அது வேறு நஷ்டம்.

கோத்தகிரி வர்க்கிக்காரன்:
குன்னூர் அண்ணா, தேர்டு கியர்தான். ஒப்புக்கொள்கிறேன். இடது கேலிபரில் ஒரு பின் அசையவே இல்லை, அதைக் கழற்றி கிரீஸ் போட்டாயிற்று. மேட்டுப்பாளையத்தில் பழைய பேடைக் காட்டி மூன்று பெட்டி பிரிக்க வைத்தேன். கடைப் பையன் முகம் சுளித்தான். மூன்றாவதில்தான் துளை இருந்தது, நகமும் இறங்கவில்லை. விலை முன்னதைப் போல இரண்டு மடங்கு. நாளைக்கு டின் ஏற்றாமல் காலி வண்டியாக, செகண்டிலேயே ஒருமுறை இறங்கிப் பார்க்கிறேன்.