கொரோனாவில் நின்று பிறகு வந்த ஊழியருக்குப் பணிக்கொடை உண்டா? லேபர் ஒபிஸ் கடிதம் வந்திருக்கிறது

பாசிக்குடா விடுதிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கிழக்கிலங்கையில், பாசிக்குடாவில் சிறிய விடுதி ஒன்று நடத்துகிறேன். எங்கள் குசினியில் 2016 மார்ச்சில் சேர்ந்த ஒருவர் 2025 ஜனவரியில் விலகிவிட்டார். கடைசிச் சம்பளம் 48,000. இப்போது பணிக்கொடை (சேவைக் காலத்துக்காக விலகும்போது கொடுக்கும் காசு) கேட்டு தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது.

என் பக்கத்து நியாயம் இதுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் விடுதியை மூடினேன். ஏப்ரலுக்கு அரைச் சம்பளம் கொடுத்தேன், அதன் பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்க வழியும் இல்லை. "வீட்டில் இருக்கிறேன், சம்பளம் கேட்கமாட்டேன்" என்று எல்லோரிடமும் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். 2021 நவம்பரில் திறந்தபோது மறுபடி வந்தார். ஆக, புதிதாகச் சேர்ந்து பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்து வருடம் ஆகவில்லை. அதோடு இப்போது என்னிடம் ஒன்பது பேர்தான் வேலை செய்கிறார்கள், 15 பேருக்குக் குறைவென்றால் பணிக்கொடை இல்லை என்கிறார்களே. நான் நினைப்பது சரிதானா?

கல்முனை கணக்கர்:
அண்ணன், இரண்டும் நிற்காது போலத்தான் தெரிகிறது. இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சீசனில் எத்தனை பேர் எடுப்பீர்கள்? மறுபடி வந்தபோது ஊழியர் சேமலாப நிதிக்கு (இபிஎப்) பழைய அங்கத்துவ இலக்கத்திலேயே காசு கட்டினீர்களா, புது இலக்கம் எடுத்தீர்களா?

பாசிக்குடா விடுதிக்காரன்:
சி போமில் (இபிஎப் கட்டும்போது கொடுக்கும் படிவம்) பழைய இலக்கம்தான். ஜூலை, ஆகஸ்டில் பெடியன்கள் ஏழு பேர் கூடுதலாக எடுப்போம், நாள் சம்பளம். அவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

கல்முனை கணக்கர்:
அங்கேதான் பிரச்சினை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இன்று எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. வேலை முடிந்த நாளுக்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தார்களா என்றுதான் பார்க்கும். ஒன்பதும் ஏழும் பதினாறு. 2024 ஆகஸ்டில் ஒரே ஒரு நாள் அத்தனை பேரும் வேலைக்கு நின்றிருந்தாலும் போதும். நிரந்தரமா, நாள் கூலியா என்ற பேச்சே இல்லை. கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை பிழைக்கும் விடுதிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன.

சரி, 15க்குக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்ப முடியாது. கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் கீழ் அவர் தொழில் நியாயசபைக்குப் போய்ப் பணிக்கொடை கேட்கலாம். என்ன, அங்கே தொகையைச் சபை தீர்மானிக்கும்.

முன்னாள் சங்கத்து ஆள் (அக்கரைப்பற்று):
சேவை முறிந்தது என்ற வாதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தொழிலாளியின் பிழை இல்லாமல் வேலை நின்ற காலம் சேவையை முறிக்காது. விடுதியை மூடியது நீங்கள், அவர் விலகல் கடிதம் தரவில்லை. நீங்களே காட்டும் கடிதத்தில் "வீட்டில் இருக்கிறேன்" என்றுதான் இருக்கிறது, "விலகுகிறேன்" என்று இல்லை. தொழில் திணைக்கள உத்தியோகத்தர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மூடிக் கிடந்த காலத்தில் அவர் விடுதிக்கு வந்து போனாரா?

பாசிக்குடா விடுதிக்காரன்:
வாரத்துக்கு ஒரு தடவை வந்து மரங்களுக்குத் தண்ணீர் விடுவார், அறைகளைத் திறந்து காற்றோட்டம் விடுவார். நீச்சல் தடாகத்துத் தண்ணீர் பச்சையாகப் போய்விட்டது என்று வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவார். நான் அரிசியும் சாமானும் கொடுத்துவிடுவேன். உதவிக்கு உதவி என்ற மாதிரிதான், வேலை என்று சொல்ல முடியாது.

முன்னாள் சங்கத்து ஆள் (அக்கரைப்பற்று):
அந்தப் படங்கள் அவருடைய போனிலும் இருக்கும் இல்லையா? திகதியோடு இருக்கும். அவருக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

காத்தான்குடி கடை:
இதெல்லாம் கேட்க எரிச்சலாக இருக்கிறது. எங்கள் ஊரைப் பூட்டி வைத்தார்கள், கடை திறக்கவே விடவில்லை. வியாபாரம் இல்லை, வாடகை நிற்கவில்லை. முதலாளிக்கு யார் என்ன கொடுத்தார்கள்? ஏழைகளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இப்போது வந்து சட்டம் பேசுகிறார்கள்.

கல்முனை கணக்கர்:
நானா, உங்கள் கோபம் நியாயம்தான். சம்பளச் சுமை முழுவதையும் முதலாளியின் தலையில் வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 5,000 அரசாங்கத்தின் நிவாரணம், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒரு சலுகை இருந்தது. 2020 மே, ஜூன் மாதங்களுக்கென்று முதலாளிமார் சம்மேளனம், தொழிற்சங்கங்கள், அமைச்சு மூன்றும் சேர்ந்து உடன்பாட்டுக்கு வந்தன. வேலை கொடுக்க முடியாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அதைக் கொடுக்கலாம் என்றார்கள். பிறகு நீடித்தார்கள். சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் (ஈடிஎப்) அந்தத் தொகைக்குக் கட்டத்தான் வேண்டும்.

பலர் "கொரோனா நேரம் இபிஎப் இல்லை" என்று இன்றும் சொல்கிறார்கள். யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. உங்கள் கடை மாதிரி ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடமானாலும், ஒரே ஒருவர் என்றாலும் இபிஎப் உண்டு. 15 என்ற கணக்கு அதற்கு இல்லை.

பாசிக்குடா விடுதிக்காரன்:
அப்போ நான் ஏப்ரலில் கொடுத்த அரைச் சம்பளம்? அதற்கு இபிஎப் கட்டவில்லை. அப்போது அவருக்கு அடிப்படை 30,000, கொடுத்தது 15,000.

கல்முனை கணக்கர்:
அந்த உடன்பாடு மே மாதத்திலிருந்துதான், எனவே ஏப்ரலுக்கு அரைச் சம்பளம் என்பதே கேள்விக்குரியது. கொடுத்த 15,000ஐ மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஊழியர் பங்கு 8உம் முதலாளி பங்கு 12உம் சேர்த்து 20 வீதம், 3,000. ஒரு வருடத்துக்கு மேல் தாமதம் என்பதால் மிகைக் கட்டணம் 50 வீதம். ஆக 4,500. ஈடிஎப் 3 வீதம் தனி. சம்பளம் கொடுக்கும்போது பிடிக்காத 8 வீதத்தை இப்போது அவரிடம் கேட்க முடியாது, அதுவும் உங்கள் கையிலிருந்துதான். "சம்பளம் கேட்கமாட்டேன்" என்ற கடிதத்தை மேசையில் தூக்கிப் போடாதீர்கள். சட்டம் கொடுத்ததைக் கடிதம் எழுதி விட்டுக்கொடுக்க முடியாது. அதோடு, 15 பேரோ அதற்கு மேலோ இருந்த இடத்தில் தற்காலிகமாக வேலையில்லாமல் வைப்பதும் 1971ஆம் ஆண்டுப் பணிநீக்கச் சட்டத்தின் கீழ் வரும். அந்த முறைப்பாட்டுக்கு ஆறு மாதக் கெடு எப்போதோ போய்விட்டது. நீங்களாகக் கிளறாதீர்கள்.

பணிக்கொடைக் கணக்கு சுலபம். முழுதாக முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 2016 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை எட்டு முழு வருடம். 24,000 தர எட்டு, 1,92,000 ரூபாய். மேலதிக நேரக் காசு இதில் சேராது, உங்கள் 48,000இல் அது இருந்தால் கழித்துப் பாருங்கள். விலகி 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். பிந்தப் பிந்த 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரை கூடும்.

முன்னாள் சங்கத்து ஆள் (அக்கரைப்பற்று):
விசாரணைக்குப் போகும்போது சம்பளப் பதிவேடு, வரவுப் பதிவேடு, சி போம் பிரதிகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பதிவேடு இல்லாத முதலாளியின் வாய்ச்சொல்லை அங்கே யாரும் எடுப்பதில்லை. உங்கள் சீசன் பெடியன்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஒரு முறைப்பாட்டுக்கு வருபவர் மற்றக் கொப்பிகளையும் புரட்டுவார்.

பாசிக்குடா விடுதிக்காரன்:
விளங்குகிறது. சண்டைக்குப் போக எனக்கு விருப்பமில்லை, நல்ல மனிதர், அவர் வைக்கும் மீன் குழம்புக்காகவே திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். இபிஎப் பாக்கியையும் சேர்த்து எல்லாவற்றையும் அவர் கையிலேயே கொடுத்து முடித்துவிடலாமா?

கல்முனை கணக்கர்:
பணிக்கொடையை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அந்த ரசீதை உத்தியோகத்தரிடம் காட்டலாம். இபிஎப் பாக்கியை மட்டும் கையில் கொடுக்கவே வேண்டாம். அது நிதிக்குப் போனால்தான் கட்டியதாகக் கணக்கு, இல்லாவிட்டால் இரண்டாம் தடவையும் கட்ட வேண்டி வரும். ஒரேயடியாக முடியாவிட்டால் தவணைக்குக் கேட்டுப் பாருங்கள். கடிதத்தில் உள்ள திகதிக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். விவகாரம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் பாக்கியைத் தண்டப்பணம் மாதிரி அறவிடுவார்கள்.