மே மாத விடுமுறைக்கு ஒரு யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் எங்களுடையது சின்ன கிறிஸ்தவ சபை. வருடா வருடம் மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துகிறோம். பாட்டு, வசனம், வண்ணத் தாள் எல்லாம் உண்டு. ஆனால் வருவது நம் சபைப் பிள்ளைகள் மட்டும்தான். போன வருடம் எதிர்த் தெருப் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த முறை வி.பி.எஸ். முடிந்ததும் தெருவுக்கென்றே தனியாக ஐந்து நாள் வைக்கலாம் என்று நினைக்கிறோம். அக்கினி நட்சத்திர வெயில் என்பதால் காலை 7 முதல் 10 மணி வரைதான். வளாகத்தில் இரண்டு வேப்பமரம் இருக்கிறது, நிழலுக்குப் பஞ்சமில்லை. பல்லாங்குழி, பம்பரம், நுங்கு வண்டி, அப்புறம் பனை ஓலையில் கிலுகிலுப்பை, காற்றாடி செய்யப் பழக்குவது. வாசலில் நீர்மோர்ப் பந்தல், யார் வேண்டுமானாலும் குடிக்கலாம்.

ஓலை முடையத் தெரிந்த பாட்டிமார் யாராவது உங்களுக்குத் தெரியுமா? ஆட்டோ செலவும் சம்பளமும் கொடுத்துவிடுவோம். பழைய கேரம் போர்டு இருந்தாலும் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

முக்கியமான கேள்வி இதுதான்: 'மதம் மாற்றக் கூப்பிடுகிறார்களோ' என்று பெற்றோர் தயங்குவது நியாயம்தான். இந்த ஐந்து நாளும் ஜெபமோ பிரசங்கமோ கிடையாது என்று முடிவு செய்திருக்கிறோம். அதை நோட்டீஸில் அச்சடிப்பதா, வீடு வீடாகப் போய்ச் சொல்வதா? நீங்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் எப்படி அழைத்தால் பிள்ளையை அனுப்புவீர்கள்? கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் பதில் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.