வேகன் ஆர் காரில மாமிட தோடு விழுந்திட்டு, எப்படி எடுக்கிற?

கல்லடிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு அவசர உதவி.

ஆடி அமாவாசைக்கு திருக்கோவில் ஊரில கடல் தீர்த்தத்துக்குப் போயிட்டு வரக்குள்ள களுதாவளையில தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினம். முன் சீட்டில இருந்த மாமி பெல்ட்டைக் கழட்ட, அது சுருண்டு போகக்குள்ள சீலைத் தலைப்போட சேர்ந்து இடக்காதில கொளுவி தோட்டை இழுத்திட்டு. தோட்டுக்குப் பின்னால பூட்டுற சுரை பாயில கிடந்திச்சு, தோட்டைக் காணல்ல. சோடி ஒரு பவுண், சிவப்புக் கல்லு, அவட அம்மா போட்டு விட்டது. மூணு நாளா மாமி வீட்டில ஆரோடயும் கதைக்கிறல்ல. கறியில உப்பில்லாட்டியும் பேசாமச் சாப்பிடுறா, அதுதான் பயமா இருக்கு.

பாயை உதறினன். சீட்டுக்குக் கீழ கையை விட்டுத் தடவினன், புறங்கை கீறுப்பட்டதுதான் மிச்சம். சீட்டை முன்னுக்கும் பின்னுக்கும் ஏழெட்டுத் தரம் இழுத்தும் பார்த்தாச்சு. வாகனம் ஹைபிரிட் வேகன் ஆர். சேவிஸ் ஸ்டேஷன்ல குடுத்து வக்கியூம் பிடிக்கச் சொல்லவா, சீட்டைக் கழட்டவா?

கறுத்த ஆல்டோ:
மச்சான், காந்தம் ஒண்டை நூலில கட்டி இறக்கு. நான் அப்பிடித்தான் போன வருசம் ஒரு நட்டு எடுத்தனான்.

ஏறாவூர் காக்கா:
நட்டு இரும்பு, தோடு தங்கம். தங்கத்தில காந்தம் ஒட்டாது வாப்பா.

தம்பி கல்லடி, முதல்ல சீட்டை இழுக்கிறத நிப்பாட்டுங்க. சீட்டு ஓடுற ரேலுக்குள்ள குண்டும் உருளையும் ஓடுது. தோடு அதுக்குள்ள போயிருந்தா ஒவ்வொரு இழுவைக்கும் நசியும். சேவிஸுக்கும் இப்ப குடுக்காதீங்க. அவங்கட வக்கியூம் டிரம் பெரிசு, பத்து வாகனத்து மண்ணுக்குள்ள உங்கட தோட்டை ஆரு தேடுற?

இனி யோசிங்க. பெல்ட் சுருண்டு போறது இடப்பக்கத் தூணுக்கு. அப்ப தோடு வீசுப்படுறதும் கதவுப் பக்கம்தான், கியர்ப் பக்கமில்ல. சீட்டுக்கும் கதவுப்படிக்கும் நடுவுல இரிக்கிற இடுக்கு, படியில பூட்டின பிளாஸ்டிக் பட்டிட ஓரம், தூணடியில பெல்ட் போற வாய், மறுகா ரேலிட பின்முனை. இந்த நாலையும் முதல்ல பாருங்க. தோடு இல்லையெண்டு எப்ப கண்டீங்க? கதவு திறந்த பிறகா?

கல்லடிப் பெடியன்:
இல்ல காக்கா, கதவு திறக்க முதலே காதைத் தடவிப் பார்த்து "ஐயோ" எண்டிட்டா. ரோட்டில விழ வாய்ப்பில்ல. கம்பி ஹேங்கரை நிமித்தி கொளுக்கி மாதிரி வளைச்சு வச்சிருக்கன், அதை விட்டுக் கிண்டவா?

ஏறாவூர் காக்கா:
கம்பி வேணாம்! உங்கட வாகனத்துக்கு அந்த இடது முன் சீட்டுக்குக் கீழதான் லித்தியம் பேட்டரி இரிக்கு. அது 12 வோல்ட் கணக்குத்தான், ஆளை அடிக்காது. ஆனா கம்பி படக்கூடாத இடத்தில பட்டா ஷோர்ட் ஆகி கம்பியே சிவக்கும். மூங்கில், பிளாஸ்டிக் எண்டா பரவாயில்ல. தண்ணியும் ஊத்தாதீங்க.

வாவிக்கரை:
தம்பி, எனக்கும் காரில ஒரு மின்னி (சின்னக் கல்லு நகை) விழுந்திச்சு, அதை எடுத்த விதத்தைச் சொல்றன். இரவில தேடுங்க, பகல் வெளிச்சத்தில ஒண்டும் தெரியாது. போன் டோர்ச்சை மேல இருந்து அடிக்காம தரையோட தரையா படுக்க வையுங்க. அப்ப ஒரு மணல் பருக்கைக்கும் நிழல் விழும், தங்கம் சட்டெண்டு மினுங்கும். தலையை உள்ளுக்க விட ஏலாத இடத்துக்கு போன் கமராவை வீடியோவில போட்டு நுழைச்சு எடுத்து, பிறகு நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்க.

எடுக்கிறதுக்கு ஈக்கில் ரெண்டைச் சேர்த்து நுனியில டபுள் டேப் சுத்துங்க. எங்கட அம்மம்மா எண்டா பிலாப்பால் பூசச் சொல்லுவா. கார் மெத்தையில பூசிட்டு வந்து என்னைப் பேச வேணாம்.

தெரியாத இடுக்கெண்டா வீட்டு வக்கியூம் போதும். குழாய் வாயில பழைய நுளம்பு வலைத் துண்டு ஒண்டை ரெண்டா மடிச்சு றப்பர் பாண்ட் போட்டு இறுக்குங்க. மணல் உள்ளுக்குப் போகும், தோடு வலையில ஒட்டி நிக்கும். மிசினை நிப்பாட்ட முதல் கீழ வெள்ளைத் துணி ஒண்டு பிடியுங்க, இல்லாட்டி திரும்பவும் அதே இடுக்குக்க விழுந்திரும். எனக்கு விழுந்திச்சு.

கல்முனை அக்வா:
இதை வாசிச்ச உடனே ஞாபகம் வந்திச்சு. என்ட மகன் எங்கட அக்வா காரில பின் சீட்டுப் பக்கத்தில இருக்கிற காத்து வாய்க்குள்ள சில்லறை போட்டு விளையாடினவன். அது ஹைபிரிட் பேட்டரியைக் குளிராக்குற வாய். அக்வாட பெரிய பேட்டரி 144 வோல்ட், செம்மஞ்சள் வயரைக் கண்டா கையை எடுத்திடணும். நான் தொடாம ஹைபிரிட் தெரிஞ்ச மெக்கானிக் பாஸிட்டதான் குடுத்தன். சில்லறையை விட கூலிதான் கூட.

கல்லடிப் பெடியன்:
வாவிக்கரை அக்கா, இரவு பார்த்தன். படியோரம் இல்ல, தூணடியில இல்ல. காலையில சீட்டைக் கழட்டவா காக்கா? நாலு போல்ட்தானே தெரியுது.

ஏறாவூர் காக்கா:
போல்ட் நாலுதான், ஸ்பானர் ஒண்டு போதும். பிரச்சினை வயர். சீட்டுக்குக் கீழ மஞ்சள் பிளக் இருந்தா அது ஏர்பேக்குக்குப் போற வயர். பொனட்டுக்குள்ள பேட்டரிட நெகட்டிவைக் கழட்டி ரெண்டு மூணு நிமிசம் விட்டுத்தான் அதைத் தொடணும். பிளக் கழண்டு கிடக்கக்குள்ள திறப்பைப் போட்டா ஏர்பேக் லைட் பத்தும், பிறகு ஸ்கேனர் வச்சு அழிக்க வேண்டி வரும். உங்கட வாகனத்தில லித்தியம் பேட்டரியும் அங்கயே இரிக்கிறதால கழட்டுறதெண்டா கராஜுக்குக் கொண்டு போங்க.

அதுக்கு முதல் ஒரு வேலை. பின்பக்கம் போல்ட்டை மூடின பிளாஸ்டிக் தொப்பி இரிக்குமே, அதைக் கழட்டிப் பார்த்தீங்களா?

கல்லடிப் பெடியன்:
கிடைச்சிட்டு!!

சீட்டை முன்னுக்கு ஒருக்காத்தான், மெதுவாத் தள்ளினன். பின் சீட்டில இருந்து குனிஞ்சு அந்தத் தொப்பியைக் கழட்டினா உள்ளுக்க திருக்கோவில் கடல் மண்ணு ஒரு கைப்பிடி. ஈரத்தோட கட்டி பிடிச்சுக் கிடந்திச்சு. போன் டோர்ச்சைப் படுக்க வச்சன், சிவப்பா ஒரு புள்ளி. ஈக்கில் டேப்பில ஒட்டல்ல, மண்ணுதான் ஒட்டிச்சு. கடைசியில நுளம்பு வலைதான் இழுத்துக் குடுத்திச்சு.

கல்லுக்கு ஒண்டுமில்ல. தண்டு வளைஞ்சு போச்சு, அது நான் சீட்டை ஏழெட்டுத் தரம் இழுத்த வேலை எண்டு விளங்குது. மாமிக்கு அதைச் சொல்லல்ல. அவ தோட்டைக் கையில வாங்கி வெளிச்சத்தில திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "இண்டைக்குக் கறியில உப்புக் கூட" எண்டா.

காக்கா, தொப்பியிட ஒரு பல்லு உடைஞ்சிட்டு. புதுசு வாங்கணுமா?

ஏறாவூர் காக்கா:
டபுள் டேப் மிச்சம் இரிக்குத்தானே, ஒட்டி விடுங்க. தோட்டைத் திரும்பிப் போட முதல் நகைக்கடையில தண்டை நிமித்தி சுரையையும் மாத்துங்க. மரை தேய்ஞ்ச சுரை இன்னொரு நாளும் கழரும்.

கறுத்த ஆல்டோ:
காந்தத்தைப் பற்றி இனி ஆரும் கதைக்க வேணாம்.