'ஆடிட்' என்ற சொல் எழுத்தறிவின்மையால் பிறந்ததா?

ஏடுபுரட்டி:
கணக்குத் தணிக்கையைக் குறிக்கும் 'ஆடிட்', 'கேட்டல்' என்னும் பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதில் தகராறு இல்லை. ஆனால், இடைக்கால இங்கிலாந்தில் படிக்கத் தெரியாததால்தான் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருப்பதை ஏற்க முடியாது. 1129-30ஆம் ஆண்டின் பைப் ரோல் என்னும் அரசுக் கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவர்களா எழுதினார்கள்?

தராசுமுள்:
சொன்னவன் நான்தான். எழுதியவர்கள் எழுத்தர்கள், கணக்கு ஒப்புவித்தவர்கள் மாவட்டங்களில் அரசருக்காக வரி திரட்டிய ஷெரீப்கள். பணம் கட்டியதற்கு அவர்கள் கையில் சான்றாக இருந்தது வெட்டுத்தடம் போட்ட மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அளவு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அளவு, ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி அளவு. படிக்கத் தெரிந்தவர்களுக்குக் குச்சி எதற்கு?

ஏடுபுரட்டி:
குச்சி மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு. அதை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டாலும் பாதிகள் பொருந்தாமல் போய்விடும். கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் எழுதத் தொடங்கிய நூலைப் பாருங்கள்: கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய்களை வைத்துக் கணக்கிட, ஷெரீப் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். அது விசாரணை. 1285ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டமோ, பாக்கி வைத்த பணியாளரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தையே கணக்குக் கேட்டவர்களுக்கு அளித்தது. வழக்கைக் காதால் கேட்டு விசாரித்த நீதிபதிகளும் எழுத்தறியாதவர்களா?

ஊர்க்குருவி:
அந்தக் குச்சிகளை 1834இல் எரித்தபோதுதான் பிரிட்டன் நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது.

தராசுமுள்:
தீ விபத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். ஃபிட்ஸ்நீல் தன் அலுவலகத்தைப் பற்றித் தானே எழுதியவர். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய தந்தை நைஜல். அவர் சாட்சியம் நடுநிலையானதா? பண்ணைகளில் கணக்கு ஒப்புவித்த ரீவ் என்னும் மேற்பார்வையாளர் ஒரு குடியானவர். கணக்குச் சுருள்களில் எழுதப்பட்ட லத்தீன் அவருக்குத் தெரியுமா? முன்பு இங்கே நடந்த சதுரங்கப் பலகை பற்றிய விவாதத்திலும் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேற்கோள்களை அடுக்கித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

ஏடுபுரட்டி:
அங்கும் பதில் சொன்னேன், நீங்கள்தான் படிக்கவில்லை. ஊர்க்குருவி சொன்னது என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. எழுத்தறிவு பரவிய பின்னும் 1826 வரை கருவூலம் குச்சிகளைக் கைவிடவில்லையே, ஏன்?

தராசுமுள்:
பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. ரீவுக்கு லத்தீன் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்கள்.