வரி இன்றைக்கே வருகிறது, செலவுக் குறைப்பு மட்டும் ஏன் வருவதே இல்லை?

கேள்வி கேட்டவர்: செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரர்

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ராத்திரி பட்டறை அடைப்பதற்கு முன் தரையைக் கூட்டி அள்ளி வைப்போம். அரத்தால் ராவும்போது சிதறுகிற வெள்ளிப் பொடி அந்தத் தூசியில்தான் இருக்கும். கை கழுவுகிற தண்ணீரைக்கூடத் தொட்டியில் பிடித்து, அடியில் படிந்ததை எடுத்து வைப்போம். அந்த மண்ணை வாங்கிப் போய் அரித்து வெள்ளி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் எடை போட்டுக் கொடுத்த வெள்ளியும், மாலையில் கொலுசாகவும் பொடியாகவும் திரும்புகிற வெள்ளியும் கணக்கில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இப்படியே வளர்ந்தவனுக்கு அரசாங்கத்தின் கணக்கைப் படித்தால் வயிறு எரிகிறது.

அப்பா ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் இருந்தவர். அவருடைய பேரேடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பழைய கடன் தீர்ந்து சிவப்பு மையில் கோடு போடாமல் புதுக் கடன் எழுதியதே இல்லை. நானும் அந்த வழிதான். வருமானத்துக்குள் செலவு செய்கிற அரசு, மக்கள் கையில் கொஞ்சம் காசை விட்டுவைக்கிற அரசு, இதைச் சொல்கிறவர்களுக்குத்தான் இத்தனை வருடமாக ஓட்டுப் போட்டேன். கட்சி மாறியிருக்கலாம், காரணம் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் நம்பியவர்களே மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சமரசம் செய்துகொள்கிறார்கள். அந்தச் சமரசத்தில் வரி உயர்வு உடனே அமலுக்கு வருகிறது. செலவுக் குறைப்பு "படிப்படியாக" என்று எழுதப்பட்டு அங்கேயே கிடக்கிறது.

தமிழ்நாட்டில் 2003-ல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது அன்றாடச் செலவு வருமானத்தை மிஞ்சுவதை, ஒழிப்பதுதான் அதன் நோக்கம். அதே வருடம் ஜெயலலிதா அரசு உண்மையிலேயே கத்தரிக்கோலை எடுத்தது. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் ரேஷன் அட்டையில் பொருள் கிடையாது என்கிற "எச்" முத்திரை, புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களுக்கு, அவர்களும் சம்பளத்திலிருந்து பணம் போட வேண்டிய பங்களிப்பு ஓய்வூதியம். ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கியதை நான் ஆதரிக்கவில்லை, அது கொடுமை. ஆனால் 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதியும் போன சில நாட்களிலேயே, பங்களிப்பு ஓய்வூதியம் தவிர ஏறக்குறைய எல்லாம் திரும்பப் பெறப்பட்டன. எது தப்பு, எது சரி என்று பிரித்துப் பார்த்துத் திரும்பப் பெற்றிருந்தால் ஏற்றுக்கொள்வேன். மொத்தமாகச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கட்சிக்கும் கத்தரிக்கோலைத் தொடத் தைரியம் வரவில்லை.

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மொத்தக் கடன் 5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று எண் போட்டுச் சொன்னார். நான் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் இல்லை. ஆனாலும் அன்றைக்கு இரவு உட்கார்ந்து அறிக்கையை முழுவதும் படித்தேன், ஒருவராவது கணக்கைத் திறந்து காட்டினாரே என்று. பிறகு 2025-26 பட்ஜெட்டில், 2026 மார்ச் முடிவில் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வருவாய்ப் பற்றாக்குறை 41 ஆயிரம் கோடிக்கு மேல். நடுவில் 2022-ல் சொத்து வரி மட்டும் ஏறியது. சென்னைக்கு வெளியே 600 முதல் 1,200 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், என் வீடு அதில்தான் வருகிறது. கேட்டால் 15-வது நிதிக் குழுவின் நிபந்தனை என்றார்கள். மின் கட்டணமும் அதே வருடம் செப்டம்பரில் ஏறியது.

டெல்லியில் உள்ளவர்கள் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. வாஜ்பாய் காலத்தில் 2004 ஜனவரியில் தொடங்கிய ஓய்வூதியச் சீர்திருத்தத்தை, அதே கட்சியின் ஆட்சி 2024-ல் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி என்று வளைத்தது. ஐந்து வருடத்துக்கு என்று போட்ட ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் (மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டுகிற கூடுதல் வரி), கொரோனா காலக் கடனை அடைக்க 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது.

கேள்வி இதுதான். என்னைப் போல் நினைப்பவர்கள் இனி என்ன செய்வது? ஒத்துப்போகிறவர்களுக்கே திரும்பத் திரும்ப ஓட்டுப் போடுவதா? தோற்றாலும் பரவாயில்லை, வளையாத ஆள் வேண்டும் என்று நிற்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: அஸ்தம்பட்டி ஆசிரியை (ஓய்வு)

தம்பி, முழுவதும் படித்தேன். நான் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள், பென்ஷன் வாங்குகிறவள். அதனால் உங்கள் கத்தரிக்கோல் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். கோபமாகச் சொல்லவில்லை.

வாழப்பாடிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் திங்கட்கிழமை முதல் பீரியடில் நாலைந்து பிள்ளைகள் மேஜையில் தலை சாய்த்துக் கிடப்பார்கள். முதலில் தூக்கம் என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். சனி, ஞாயிறு சத்துணவு இல்லை, திங்கள் காலையும் வீட்டில் ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு பையன் பதினோரு மணி மணியடித்தால் சமையல் கூடத்து வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைப் பெரிதாக்கியபோதும் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். 2022-ல் காலை உணவு வந்தபோதும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து யாராவது சமரசம் செய்திருந்தால் அந்தப் பையன் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டான்.

இன்னொன்று. நீங்கள் வரியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெள்ளிக் கொலுசுக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். பிள்ளைகள் டீயில் தொட்டுத் தின்கிற பிஸ்கட்டுக்கு 2017-லிருந்து 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம். உங்கள் தொழிலுக்குக் குறைவாக இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் யாரோ மேஜையில் உட்கார்ந்து செய்த சமரசம்தானே?

பதில் 2: மஞ்சக்குட்டை காபி

டீச்சரம்மா சொன்னதும் சரி, பட்டறை அண்ணன் சொன்னதும் சரி. நான் ஏற்காட்டில் ஆறு ஏக்கர் காபி, இடையில் மிளகு வைத்திருப்பவன். என் அனுபவத்தில் செலவுக் குறைப்பு வராமல் இல்லை அண்ணா, வருகிறது. ஆனால் சத்தம் போடாத இடத்தில்தான் வருகிறது.

சம்பளம், பென்ஷன், வட்டி மூன்றையும் தொட முடியாது. மானியத்தைத் தொட்டால் 2004 மாதிரி ஆகிவிடும். மிச்சம் என்ன? பராமரிப்புதான். சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற சிறு பாலத்தின் குழாயில் அடைத்துக் கிடக்கிற மண்ணை அள்ளாவிட்டால் எவனும் மறியல் செய்ய மாட்டான். எங்கள் தோட்டத்துக்குப் போகிற பாதையில் அப்படி ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. மூன்று வருடமாகக் குழாய் வாயில் பாதி வரை மண், அதன்மேல் உண்ணிச் செடி முளைத்து நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழை வந்தபோது தண்ணீர் குழாய்க்குள் போகாமல் பாதை மேல் ஏறி, மறுபக்கக் கரையோடு நாற்பது காபிச் செடியையும் இழுத்துக்கொண்டு போனது. சேலம் மலைப்பாதையிலும் அப்போது மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பழம் பறிக்கிற சீசன், கீழிருந்து ஆள் வர முடியவில்லை. ஒரு நாள் இரண்டு ஆள் கூலியில் முடிந்திருக்கும் வேலை அந்தக் குழாய் மண்.

அதனால் "செலவைக் குறை" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கேட்டால் முதலில் போவது எங்கள் பாலம். எந்தச் செலவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பதில் 3: ஆத்தூர் – டல்லஸ்

சொந்த ஊர் ஆத்தூர், பதினேழு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன். ஐயா எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது என்று நினைப்பார்கள். அவர் ரீகன் காலத்துக் குடியரசுக் கட்சிக்காரர்.

1982-ல் ஒரு டாலர் வரி உயர்வுக்கு மூன்று டாலர் செலவுக் குறைப்பு என்ற பேச்சை நம்பித்தான் ரீகன் கையெழுத்துப் போட்டார், வரி வந்தது, குறைப்பு வரவில்லை என்று என் பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் வருத்தப்படுவார். புதிய வரி கிடையாது என்று 1988-ல் மேடையில் சத்தியம் செய்த மூத்த புஷ், 1990-ல் எதிர்க்கட்சியோடு பேரம் பேசி வரியை ஏற்றினார், 1992-ல் தோற்றார். 2013 புத்தாண்டு நாளில் நடந்ததை நானே டிவியில் பார்த்தேன். நான்கு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வரி 35-லிருந்து 39.6 சதவீதமாக அன்றே உறுதியானது. செலவு வெட்டை இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள். கீழவையில் குடியரசுக் கட்சியினர் 85 பேர் ஆதரவு, 151 பேர் எதிர்ப்பு. அந்த வெட்டு மார்ச்சில் வந்தது உண்மை. ஆனால் அதே வருட டிசம்பரில் இரண்டு கட்சியும் சேர்ந்து அதைத் தளர்த்திவிட்டன. அப்போது 16 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்த கடன் 2025-ல் 38 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

வளையாத ஆட்களையும் இங்கே தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள் ஐயா. 2013 அக்டோபரில் அரசாங்கத்தையே 16 நாள் மூடி வைத்தார்கள். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

மீண்டும் கேள்வி கேட்டவர்: செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரர்

மூவருக்கும் நன்றி. டீச்சர், 3 சதவீத விஷயத்தில் நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. உண்மைதான், எங்கள் தொழிலுக்காகப் பேசிய கூட்டங்களில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பையனின் சோற்றைத் தொடுகிற கத்தரிக்கோல் எனக்கு வேண்டாம். ஆனால் சத்துணவையும், தேர்தலுக்குத் தேர்தல் ஏலம் போல் ஏறுகிற மற்றவற்றையும் ஒரே தட்டில் வைத்து, "ஏழைக்கு எதிரா பேசுகிறாய்?" என்று வாயை அடைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் பதிலைப் படித்த பிறகு அப்பாவின் பேரேடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ராஜாஜி 1917-லிருந்து இரண்டு வருடம் நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போல) வந்ததும் 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் நம் மாவட்டத்தில்தான். கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். அது நேர்மையான பேரம். இதை விடுகிறேன், அதற்குப் பதில் இதை எடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதற்காகப் போட்ட வரி போகவில்லை. வாட் ஆகி, ஜிஎஸ்டி ஆகி இன்றும் என் பில்லில் இருக்கிறது. இப்போது 2024-25-ல் டாஸ்மாக் மூலமும் 48 ஆயிரம் கோடிக்கு மேல் வருமானம். இரண்டும் வருகிறது, அப்படியும் பற்றாக்குறை.

அப்பாவும் சமரசம் செய்தவர்தான். 1967-ல் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு கூட்டணி வைத்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்ன மேடையிலேயே இவரும் நின்றார். அந்த வருடப் பேரேட்டில் "தேர்தல் நன்கொடை ரூ. 25" என்று இருக்கிறது. கட்சிச் சந்தா வருடா வருடம் வருகிறது. 1971-க்குப் பிறகு அந்தப் பதிவு இல்லை. ஏன் என்று அவர் எங்கும் எழுதவில்லை, நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மஞ்சக்குட்டைத் தம்பி, பெயர் சொல்லிக் கேள் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் செய்யப் போகிறேன். இலவச வாக்குறுதிகள் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தை வழிமுறை வகுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஆணையம் ஒரு படிவத்தை முன்வைத்தது. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து வரும், எந்த வரி ஏறும், எந்தச் செலவு குறையும் என்று கட்சிகள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது யோசனை. பல கட்சிகள் எதிர்த்தன. கட்சி கொடுக்காவிட்டால் போகட்டும், ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவரிடம் நாமே நீட்டலாம் அல்லவா?

அப்பாவின் பேரேட்டுத் தாள் மாதிரியே கோடு போட்டு ஒன்று எழுதியிருக்கிறேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. பற்றில் முதல் வரியாகக் காலை உணவை நானே நிரப்பிவிட்டேன் டீச்சர், அதைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை. இரண்டாவது வரி பாலப் பராமரிப்பு. மிச்ச வரிகள் காலி, வருகிறவர் நிரப்பட்டும். நாற்பது நகல் எடுத்து எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுக்கிறேன். வேண்டுபவர்கள் சொன்னால் நாளைக்குப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.