பைதனில் பழைய கோப்பின் இறுதியில் புதிய வரிகளைச் சேர்ப்பது எவ்வாறு?

கரைவலை_மருமகன்:
திருக்கடலூரில் கரைவலை நடத்தும் என் மாமாவுக்காக, நாளாந்தப் பிடிபாட்டைப் பதியும் சிறிய பைதன் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். மீனின் பெயரையும் நிறையையும் காற்புள்ளியால் பிரித்து, அவர் நோட்பேடில் தட்டச்சுச் செய்து வைத்திருக்கும் கோப்பிலேயே வரி வரியாகச் சேர்க்க வேண்டும். ஓப்பன் கட்டளையில் 'டபிள்யூ' முறையைக் கொடுத்து ஒரு பிரதியில் பரீட்சித்தபோது, பழைய வரிகள் யாவும் மறைந்து, கடைசி வரி மட்டுமே எஞ்சுகிறது. இதற்கு என்ன வழி?

உப்புவெளியான்:
தம்பி, 'டபிள்யூ' முறையில் கோப்பைத் திறந்த கணத்திலேயே, நீங்கள் ஓர் எழுத்துக்கூட எழுதாவிட்டாலும், உள்ளிருப்பது வெறுமையாகிவிடும். அதற்குப் பதிலாகச் சிறிய 'ஏ' எழுத்தைக் கொடுங்கள். எழுதுவதெல்லாம் இறுதியில் சேரும், கோப்பு இல்லாவிடில் புதிதாக உருவாகும். 'வித்' கூற்றுக்குள் திறந்தால், வேலை முடிந்ததும் கோப்பு தானாக மூடப்படும். நாள் முழுவதும் திறந்தே வைத்திருப்பதைவிட, ஒவ்வொரு பதிவுக்கும் திறந்து, எழுதி, மூடுவதே நல்லது. ஏனெனில் எழுதியவை சிறிது நேரம் நினைவகத்தில் தங்குவதால், இடையில் மின்சாரம் நின்றால் அவை கோப்பை அடையாமலே போகக்கூடும்.

கரைவலை_மருமகன்:
மிக்க நன்றி அண்ணா, பழைய வரிகள் இப்போது அழிவதில்லை. ஆனால் முதற் பதிவு மாமாவின் கடைசி வரியோடு ஒட்டி, 'நெத்தலி,42சூடை,18' என்று விழுகிறது. அடுத்தடுத்த பதிவுகளும் அவ்வாறே ஒரே வரியில் நீள்கின்றன.

கிண்ணியாக்காரி:
'ஏ' முறை பழைய கோப்பு எப்படி முடிகிறது என்று பார்ப்பதில்லை. இருக்கும் கடைசி எழுத்தை அடுத்து எழுதத் தொடங்கும், அவ்வளவுதான். 'பிரின்ட்' தானாக வரியை முடிக்கும், 'ரைட்' செயற்கூறு அப்படி முடிக்காது. ஆகவே ஒவ்வொரு பதிவின் முடிவிலும் பின்சாய்கோட்டையும் சிறிய 'என்' எழுத்தையும் நீங்களே சேர்க்க வேண்டும். மாமா கடைசி வரிக்குப் பிறகு என்டர் விசையை அழுத்தாமல் சேமித்திருப்பதால், அதை மட்டும் நோட்பேடில் ஒரு தடவை கையால் திருத்துங்கள். சிலர் அந்தக் குறியைப் பதிவின் முன்னால் இடுவார்கள். அப்படிச் செய்தால் புதிய கோப்பு வெற்று வரியோடு தொடங்கும், கடைசி வரியும் எப்போதும் முடிக்கப்படாமலே கிடக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையான குறியாக்கத்திலும் இதே கவனம் தேவை. விண்டோஸில் பைதன் இயல்பாகக் கணினியின் குறியாக்கத்தை எடுத்துக்கொண்டால், தமிழ் எழுத்துகளை எழுதும்போது வழு காட்டக்கூடும். அதைத் தவிர்க்க, 'என்கோடிங்' என்னுமிடத்தில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன், பழைய கோப்பும் அதே குறியாக்கத்தில்தான் சேமிக்கப்பட்டுள்ளதா என்பதை நோட்பேடின் கீழ்ப்பட்டையில் பாருங்கள். வேறொன்றாக இருந்தால் எழுதும்போது பைதன் எதுவும் சொல்லாது. பின்னர் வாசிக்கும்போதுதான் பாதிக் கோப்பு குப்பையாகத் தெரியும்.

உப்புவெளியான்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முந்தைய நாளின் நிறையைத் திருத்துவதற்கு 'ஏ' முறை உதவாது. அதற்கு முழுக் கோப்பையும் வாசித்து, உரிய வரியை மாற்றி, வேறொரு பெயரில் எழுதி முடித்த பிறகே பழையதன் இடத்தில் வைக்க வேண்டும்.