புதுப்பிப்பு: டிப்பருக்கு அனுமதி கிடைத்தது

எங்கள் திருகோணமலை உப்புவெளி ஒழுங்கையில் பாரமான வாகனங்களுக்குத் தடை என்ற பலகை இருக்கிறது, அத்திவாரத்துக்குக் கருங்கல் ஏற்றிய டிப்பரை எப்படிக் கொண்டுவருவது என்று முன்பு கேட்டிருந்தேன். அனுமதி கிடைத்துவிட்டது.

திருகோணமலைக்கு வரும் ஏ-6 பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கையோ பிரதேச சபையுடையது. இது தெரியாமல் இரண்டு நாள் வேறு கந்தோரில் காத்திருந்தேன். பிரதேச சபையிலிருந்து வந்த தம்பி ஒழுங்கையில் உள்ள மதகுக்குள் குனிந்து, டோர்ச் அடித்து, கொங்கிரீட்டில் ஓடிய வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். "அரைச் சுமைதான் அண்ணா, விடியற்காலையில மட்டும்" என்றார். சரியான முடிவு. அந்த மதகு உடைந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை.

மணலுக்குப் புவிச்சரிதவியல் பணியகத்தின் போக்குவரத்து அனுமதி தனியாக வேண்டும். அதைச் சொல்லித்தந்த கிண்ணியா நானாவுக்கு மிக்க நன்றி. நாளை 5 மணிக்கு முதல் லோட்.